கஹ்ஹால்கள்: இஸ்லாமிய உலகில் கண் மருத்துவமும் அதன் சோதனை மரபும்

அரபு மொழியில் ‘குஹ்ல்’ என்பது கண்ணுக்கு இடும் மை. அச்சொல்லிலிருந்து பிறந்த ‘கஹ்ஹால்’ என்னும் பெயர் நாளடைவில் கண் நோய்களைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்ட மருத்துவரைக் குறிக்கலாயிற்று. புழுதியும் வெயிலும் ஈக்களும் மிகுந்த நாடுகளில் கண் நோய் அன்றாடத் துன்பமாக இருந்தது. அதனால், பொது மருத்துவத்திலிருந்து தனியே கிளைத்து, தனக்கென நூல்களும் கருவிகளும் கொண்ட துறையாகக் கண் மருத்துவம் அங்கே வளர்ந்தது.

இத்துறையைப் பற்றி எழுதுவோர், ‘இதை முதலில் கண்டவர் நம்மவர்’ என்று பட்டியலிடுவதோடு நிறுத்திவிடுவதுண்டு. அப்பட்டியலில் உண்மை இருக்கிறது. ஆயினும் கஹ்ஹால்களின் நூல்களை ஊன்றி நோக்கும்போது, அவர்கள் கண்டுபிடித்தவற்றைவிட அவர்கள் கடைப்பிடித்த சோதனை முறையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நோயாளியின் கண்ணையும், இடப்படும் மருந்தையும், மருத்துவரையும் சோதித்தறிந்த பின்னரே சிகிச்சை என்பது அம்முறையின் சாரம்.

இம்மரபின் முதற்பெரும் நூல் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) எழுதிய கண் பற்றிய பத்துக் கட்டுரைகள் ஆகும். ஹுனைன் கிறிஸ்தவர், கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்கும் சிரியாக்குக்கும் பெயர்த்தவர்களுள் தலையாயவர். சமய வேறுபாடின்றி அறிஞரை ஆதரித்த அப்பாஸிய ஆட்சியின் சூழலில்தான் இத்துறை வேர்கொண்டது. அவரது நூலின் கையெழுத்துப் படிகளில் காணப்படும் படங்கள், நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கண் உடற்கூற்று வரைபடங்களுள் அடங்கும்.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் அலீ இப்னு ஈஸா ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ என்னும் நூலை இயற்றினார். அதன் முதற்பகுதி கண்ணின் அமைப்பை விளக்குகிறது. இரண்டாம் பகுதி புறத்தே புலப்படும் நோய்களையும், மூன்றாம் பகுதி உள்ளே மறைந்திருக்கும் நோய்களையும் பேசுகின்றன. நூற்றுக்கு மேற்பட்ட நோய்கள் இதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. இமை, வெண்விழி, கருவிழி, கண்மணி என்று வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லும் இவ்வரிசை, நோயாளியை எதிரே அமர்த்திப் பார்க்கும் மருத்துவரின் பார்வை செல்லும் வழியே ஆகும். அதனாலேயே இந்நூல் பல நூற்றாண்டுகள் கஹ்ஹால்களின் கைந்நூலாக விளங்கியது.

அவர்கள் கண்ட நோய்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இமையின் உட்புறம் சொரசொரப்பாகித் தடிக்கும் நோயை ‘ஜரப்’ என்றனர். இன்று டிரக்கோமா எனப்படுவது பெரும்பாலும் இதுவே. இது முற்றும்போது கருவிழியின் மேல் இரத்தக் குழாய்கள் வலைபோலப் படரும். அதற்கு ‘ஸபல்’ என்று பெயரிட்டு, நுண்ணிய கொக்கிகளால் அப்படலத்தைத் தூக்கி வெட்டியெடுத்தனர். இமை உட்புறம் மடிந்து மயிர் கருவிழியை உரசும் நிலையில், இமைத்தோலில் ஒரு கீற்றை நீக்கித் தைத்து மயிரை வெளிப்புறம் திருப்பினர். இந்நோயின் காரணம் ஒரு நுண்ணுயிரி என்பதற்கான முதல் தடயம் 1907இல்தான் கிடைத்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகள் நான்கு: அறுவை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, முகத்தூய்மை, சுற்றுப்புறத் துப்புரவு. இவற்றுள் முதலாவது, மடிந்த இமையை வெளிப்புறம் திருப்பும் அறுவையே. இவ்வழிகளால் 2012இல் ஓமானும் 2024இல் இந்தியாவும் பாகிஸ்தானும், பொதுநலப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து இந்நோயை நீக்கிவிட்டதாக அந்நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றன.

கண்புரைக்கு வருவோம். கண்மணிக்குப் பின்னால் ஒரு நீர் இறங்கி உறைவதே புரை என்று கஹ்ஹால்கள் கருதினர்; அதனால் ‘நுஸூலுல் மாஃ’, அதாவது நீர் இறங்குதல், என்று அழைத்தனர். ஐரோப்பியர் புரைக்கு வழங்கும் பெயரும் இக்கருத்தைத் தழுவியதே. கிரேக்கரிடமிருந்து வந்த இக்கருத்து பிழையானது. கலங்குவது விழிவில்லையே என்பதை 1705இல் பிரிஸோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் இறந்தவர் ஒருவரின் கண்ணை அறுத்துக் காட்டினார். கொள்கை பிழையாயிருந்தும் கஹ்ஹால்களின் செய்முறை எச்சரிக்கையுடன் அமைந்திருந்தது. ஒரு கண்ணை மூடும்போது மற்றக் கண்ணின் மணி விரிகிறதா, நோயாளிக்கு வெளிச்சமேனும் தெரிகிறதா என்று பார்த்தனர். தெரியவில்லையெனில் ஊசி பயனற்றது என்று கூறிக் கைவிட்டனர். குணப்படுத்த முடியாததை முடியாது என்று சொல்வதும் மருத்துவத்தின் பகுதி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அலீ இப்னு ஈஸாவின் காலத்தவரான மோசுல் நகரத்து அம்மார், ஃபாத்திமியக் கலீஃபா அல்ஹாகிமின் (996–1021) ஆட்சியில் கெய்ரோவில் வாழ்ந்தவர். மென்மையான புரையை உறிஞ்சி எடுக்கும் உட்டுளையுள்ள உலோக ஊசியைத் தாமே வகுத்ததாக எழுதுகிறார். கண்ணாடிக் குழலால் உறிஞ்சுவது பற்றிய குறிப்பு முந்திய நூல்களிலும் உண்டு. ஆகவே அம்மாரின் தனிச்சிறப்பை அவர் விட்டுச்சென்ற ஆறு புரை அறுவைகளின் பதிவுகளில் காண்பதே பொருந்தும். நோயாளியின் நிலை என்ன, செய்தது என்ன, விளைந்தது என்ன என்று அவர் எழுதிவைத்தார். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதைச் சோதனைகளால் நிறுவிய இப்னுல் ஹைதமும் அதே கலீஃபாவின் காலத்தில் கெய்ரோவுக்கு வந்தவரே.

தனி மருத்துவரின் நேர்மையோடு சமூகத்தின் கண்காணிப்பும் சேர்ந்திருந்தது. சந்தை ஒழுங்கைக் காக்கும் முஹ்தஸிபுக்கு வழிகாட்டும் ஹிஸ்பா நூலொன்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ இயற்றினார். கஹ்ஹால்களை ஹுனைனின் நூலைக்கொண்டு தேர்வு செய்ய வேண்டும் என்கிறது அந்நூல். கண்ணின் அடுக்குகள், நோய்கள், மருந்துக் கலவை ஆகியவற்றை அறிந்தவருக்கே பிறர் கண்ணைத் தொட அனுமதி. தெருவோர மை வியாபாரிகளை நம்பலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. மாவும் பிசினும் சேர்த்துச் சாயமேற்றி மருந்தென விற்போரை அது பெயர் சுட்டாமல் அடையாளம் காட்டுகிறது.

இச்சோதனை இல்லாதபோது அதே ஊசி என்ன செய்யும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. புரையை ஊசியால் தள்ளும் முறை இந்தியாவில் சுஸ்ருத சம்ஹிதையின் காலத்திலிருந்தே அறியப்பட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெரும்பாலும் ஊர் ஊராகச் சுற்றும் ஊசிக்காரர்களின் கைத்தொழிலாகிவிட்டிருந்தது. 1819இல் நிறுவப்பட்ட சென்னைக் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த எலியட், அவர்களிடம் ஊசி குத்திக்கொண்டு வந்தவர்களின் கண்களை ஆராய்ந்து, 1917இல் லண்டனில் சொற்பொழிவுகளாக வெளியிட்டார். அழுக்கு ஊசியால் சீழ்பிடித்தும், அழுத்தம் ஏறியும் பார்வையிழந்தோர் மிகப் பலர். ஊசிக்காரர் விளைவு தெரியுமுன் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பதிவும் இல்லை, பொறுப்பும் இல்லை.

அந்த ஊசியின் காலம் முடிந்துவிட்டது. 1747இல் தவியேல் புரையை வெளியே எடுத்தார்; 1949இல் ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுள் பொருத்தினார். இன்று பெரும்பாலோருக்குச் சிறிது நேரத்தில் முடியும் அறுவையாகிவிட்டது அது. சோதனையின் தேவை மட்டும் முடியவில்லை. ‘இஸ்மித்’ என்னும் சுர்மாவை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்ததாக ஹதீஸ் தொகுப்புகள் கூறுகின்றன. அதை அஞ்சனக்கல் என்றே அறிஞர் பலர் கொள்கின்றனர். இன்று சந்தையில் சுர்மா என விற்கப்படுவனவற்றுள் பல ஈயக் கனிமத்தால் ஆனவை என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. சுன்னத்தின் பெயரால் வாங்கும் டப்பியில் என்ன இருக்கிறது என்று கேட்பது சுன்னத்துக்கு எதிரானதாகாது. ஷைஸரீ முஹ்தஸிபுக்கு இட்ட கடமையே அது.

கண் காயங்களிலும் இவ்வாறே. கண்ணில் அடிபட்டு இரத்தம் கட்டினால் புறாவின் இரத்தத்தைச் சொட்டுமாறு பழைய நூல்கள் கூறும். மரபில் வந்தது என்பதற்காக அதை இன்று எவரும் கைக்கொள்ளலாகாது. வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் தெறித்தால் உடனே, நிறைய, நெடுநேரம் தூய நீரால் கழுவி, துகள்களை அகற்றி, மருத்துவரிடம் விரைய வேண்டும். கருவிழியில் நெல்லின் உமியோ தூசியோ கீறினால் தாய்ப்பாலும் இலைச்சாறும் விடாது, அன்றே காட்ட வேண்டும். தாமதித்தால் புண்ணாகி வெண்தழும்பு நிலைத்துவிடும்.

1904–05இல் பெர்லினின் ஹிர்ஷ்பெர்க், அரபு மொழி அறிஞர் இருவருடன் இக்கஹ்ஹால்களின் நூல்களை ஜெர்மனில் பெயர்த்தார். மறந்துபோனவற்றை உலகம் அறிந்தது அதன் பின்னரே. நம் முன்னோரின் நூல்களைப் பிறர் வழியாகவே நாம் அறிய நேர்ந்தது வருந்தத்தக்கது. அவர்களின் பெயர்களை நினைவில் வைப்பதோடு, கண்ணைத் தொடுமுன் சோதித்தறிந்த அவர்களின் வழக்கத்தையும் நம் வீடுகளில் மீட்டெடுத்தால், அவ்வறிஞர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி முழுமை பெறும்.