உடன்குடிக் கரையில் சாப்பாடும் ஊர்ச்சொல்லும்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே கடலுக்கு அருகே இருக்கும் பேரூர் உடன்குடி. தமிழ்நாட்டில் எந்த மளிகைக் கடையிலும் இந்த ஊரின் பெயருக்குப் பின்னால் தானாக வந்து நிற்கும் சொல் கருப்பட்டி. கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாய், சாத்தூருக்குச் சேவு, தூத்துக்குடிக்கு மக்ரூன், முதலூருக்கு மஸ்கோத் அல்வா, ஆத்தூருக்கு வெற்றிலை. இப்படி ஊரையும் பண்டத்தையும் இணைத்துச் சொல்வது தென்மாவட்டங்களில் விளம்பரத்தால் வந்த வழக்கமன்று. சாப்பிட்டவர்கள் பல தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்திய தீர்ப்பு அது. எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும், எங்கே ஏமாற்றுவார்கள் என்று ஒளிவுமறைவின்றிப் பேசும் பழக்கத்துக்கு இந்தக் கரையில் நீண்ட வரலாறு உண்டு.

வழிப்போக்கருக்கு உணவு கிடைக்கும் இடத்தைச் சொல்லி அனுப்புவது தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில் என்ன கிடைக்கும், ஆயர் வீட்டில் என்ன கிடைக்கும், உழவர் என்ன தருவார்கள், கடற்கரையில் எதை உண்ணலாம் என்று நிலம் நிலமாகச் சொல்லப்படுகிறது. முத்துக்குப் பெயர் பெற்ற கொற்கை, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து ஊர். அந்தக் கொற்கையைக் குறிப்பிடும் மதுரைக்காஞ்சி, மதுரையின் பகல் கடைத்தெருவையும் இரவுக் கடைத்தெருவையும் விரிவாகக் காட்டுகிறது. இரவில் அடையும் மோதகமும் விற்போர் அதில் வருகிறார்கள். சமைத்த பண்டத்தைத் தெருவில் விற்பதும் வாங்கி உண்பதும் அந்தக் காலத்திலேயே நகர வாழ்வில் ஒரு பகுதியாகிவிட்டன.

ஆனால் சோற்றை விலைக்கு விற்பது நெடுங்காலம் மதிப்பான தொழிலாகக் கருதப்படவில்லை. பயணிகளுக்குச் சோறிட்டவை சத்திரங்கள். நாயக்கர் ஆட்சியில், குறிப்பாக 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் காலத்தில், சாலைகளும் அவற்றை ஒட்டிய சத்திரங்களும் பெருகின. திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கு நடந்துவரும் அடியார் கூட்டத்தை நம்பி, தென்பாண்டி நாட்டுப் பாதைகளிலும் மடங்களும் சத்திரங்களும் எழுந்தன. அங்கே சோறு தர்மமாகக் கிடைத்தது. தர்மச் சோற்றில் குறை சொல்லலாமா என்ற தயக்கம் பலருக்கு இருந்திருக்கும். அந்தத் தயக்கத்தை உடைத்தவராகத் தமிழ் மரபு நினைவில் வைத்திருப்பவர் காளமேகப் புலவர். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்தில் பசியோடு காத்திருந்த புலவர், பொழுது சாயும்போது அரிசி வந்து சேர்வதாகவும், ஊர் உறங்கும் வேளையில் அது உலையேறுவதாகவும், ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி தோன்றிவிடுவதாகவும் பாடினார். சத்திரத்தார் மனம் நொந்து கேட்டபோது, அதே சொற்களுக்குப் புகழ்ச்சியான பொருளும் சொன்னாராம். பஞ்சத்தில் அரிசி மறைந்தாலும் இங்கே வந்துசேரும், இந்தச் சோற்றின் வெண்மையைக் கண்டு வெள்ளியே நாணும் என்பது அந்த இரண்டாவது உரை. தண்ணீராக ஓடிய மோரை விற்ற பெண்ணின் மீதும் அவர் பாட்டு உண்டு. உணவு விடுதியைப் பற்றித் துணிந்து எழுதப்பட்ட தமிழ் விமர்சனங்களுக்கு இந்தத் தனிப்பாடல்களையே முன்னோடியாகக் கொள்ள வேண்டும். காசு கொடுக்காமல் சாப்பிட்டவனுக்கும் கருத்துச் சொல்ல உரிமை உண்டு என்பதை அவை நிலைநாட்டின.

உடன்குடி வட்டாரத்தின் உணவு வேறொரு நிலத்தில் பிறந்தது. இங்கே ஆற்றுப்பாசனத்தின் கடைக்கோடிக்கு அப்பால் தேரிக்காடு தொடங்குகிறது. காற்றில் இடம் மாறும் செம்மணல் மேடுகளில் நெல் விளையாது, பனை விளையும். 1841-இல் இடையன்குடியில் குடியேறிய ராபர்ட் கால்டுவெல், பனையையே நம்பி வாழ்ந்த இந்த மக்களைப் பற்றி 1849-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் சாதி குறித்துச் சொன்ன கருத்துகள் பின்னால் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. ஆயினும் பனையேற்றின் கடுமையை அக்காலத்தில் அருகிருந்து பதிவு செய்தவர் அவர். பனையேறி நாள்தோறும் காலையிலும் மாலையிலும் பல பத்து மரங்கள் ஏறி இறங்குவார். பாளையைக் கடிப்பால் நெரித்து, அரிவாளால் நுனி சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிடுவார். சுண்ணாம்பு இருந்தால்தான் பதனீர் புளித்துக் கள்ளாகாமல் இனிப்பாக நிற்கும். பனங்காட்டுக்குப் போனவருக்குப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்த பதனீரே இந்தக் கரையின் முதல் விருந்து. பருவகாலத்தில் பல குடும்பங்களுக்குக் காலை உணவும் அதுவாகவே இருந்தது.

பதனீர் அன்றைக்கே கெட்டுப்போகும் பொருள். அதை ஆண்டு முழுவதும் வைத்திருக்கவும் சந்தைக்குக் கொண்டுபோகவும் கண்ட வழி கருப்பட்டி. பங்குனி, சித்திரை முதல் ஆடி வரை நீளும் பருவத்தில், பனங்காட்டு ஓலைக் குடிசையில் அடுப்பு அணையாது. ஏறி இறக்குவது ஆணின் வேலையென்றால், காய்ச்சுவது பெரும்பாலும் பெண்ணின் வேலை. பதனீரை வடிகட்டிச் சுண்ணாம்பைத் தெளியவிட்டு, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, பன்னாடையும் காய்ந்த மட்டையும் எரித்துக் காய்ச்சுவார்கள். நுரை பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் பொங்கல் அடங்கும். பாகு இறுகும் பக்குவத்தைக் கண்ணாலும் கையாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, உருண்டு நின்றால் இறக்கிவிடுவார்கள். சற்று முந்தினால் கருப்பட்டி கசிந்து உருகும், பிந்தினால் கருகிக் கசக்கும். இறக்கிய பாகைத் துடுப்பால் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் அரைக்கோள வடிவில் கருப்பட்டி கிடைக்கும். சுக்கும் ஏலமும் சேர்த்துச் சிறியதாக வார்ப்பது சில்லுக்கருப்பட்டி. கூழ்ப்பதத்தில் எடுத்து மண்பானையில் நாள்பட வைத்தால் பனங்கற்கண்டு.

இப்படி ஊர் ஊராகக் காய்ச்சியதெல்லாம் விற்பனைக்கு வந்து குவிந்த இடம் உடன்குடிச் சந்தை. பனங்காடுகள் சூழ நடுவே இருந்ததும், குலசேகரன்பட்டினம் துறைமுகம் அருகில் இருந்ததும் ஊருக்குக் கைகொடுத்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் பனையிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை நடந்தது. அதை ஒட்டித் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே ஒரு சிறிய ரயில் பாதையும் போடப்பட்டது. உடன்குடி வழியே ஓடிய அந்த ரயில் 1940-இல் நின்றுபோனது. ஆலையும் ரயிலும் மறைந்த பிறகும் சிரட்டையில் வார்த்த கருப்பட்டி நிலைத்தது. கருப்பட்டிக் கடையில் நிற்கும் கிழவி ஒரு துண்டைக் கிள்ளி நாவில் வைத்து, ‘கரிக்குது’ என்றோ ‘சுண்ணாம்பு தூக்கலா இருக்கு’ என்றோ சொல்லிவிட்டால் அந்தச் சிப்பத்தின் விலை இறங்கும். இந்த நாக்குகளே பல தலைமுறையாக உடன்குடியின் தரத்தைக் காத்தன.

காசுக்குச் சோறும் பலகாரமும் விற்கும் கடைகள் தென்மாவட்டங்களில் பெருகியது ரயிலுக்குப் பின்னர்தான். 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. சென்னையிலிருந்து வரும் பயணிகள் இங்கே இறங்கிக் கொழும்புக்குக் கப்பலேறினார்கள். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை இதுவே இலங்கைக்குப் பெரும்பாதை. துறைமுகமும் பஞ்சாலைகளும் ஆயிரக்கணக்கான தொழிலாளரைச் சேர்த்தன. வீட்டை விட்டு வந்தவர்களுக்கும் கப்பலுக்குக் காத்திருந்தவர்களுக்கும் சாப்பாட்டுக் கடை தேவைப்பட்டது. 1923-இல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. நீராகாரம் குடித்த காலை மாறி, காப்பி கிளப் வாசலில் விடியும் காலை வந்தது. கிராமத்தில் கருப்பட்டிக் காப்பி, நகரத்துக் கிளப்பில் சீனி போட்ட பால் காப்பி என்று இரண்டு வழக்கங்கள் அருகருகே வளர்ந்தன.

அந்தக் கடைகளுக்குள் யார் நுழையலாம் என்பது சுவையைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது. பிராமணர் நடத்திய பல விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்குப் பெரும்பாலான கடைகளில் வாசலே மூடியிருந்தது. பனையேறிய சமூகத்தாரும் பல இடங்களில் இந்த அவமதிப்பைச் சந்தித்தார்கள். வ.வே.சு. ஐயர் திருநெல்வேலிச் சீமையில் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி இட்டது வெளியே தெரிந்து, 1924–25-இல் தமிழகமெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். ரயில் நிலைய உணவுச்சாலைகளில் இருந்த சாதிவாரிப் பிரிவினைக்கு எதிரான போராட்டம் 1941-இல் வெற்றி பெற்றது. உணவுக் கடைகளில் சாதி, மதம் பார்த்து எவரையும் தடுக்கக் கூடாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு விதித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அப்படித் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதன் பிறகும் பல்லாண்டுகள் நீடித்தது. உள்ளே உட்காரும் உரிமை வந்த பிறகே சாம்பாரைக் குறை சொல்லும் உரிமை எல்லாருக்கும் வந்தது. உணவைப் பற்றிய பொதுப்பேச்சின் வரலாற்றில் இதைவிட முக்கியமான மாற்றம் இல்லை.

இரண்டாம் உலகப் போர் நாக்கை இன்னொரு திசைக்குத் திருப்பியது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசியும் சீனியும் பங்கீட்டுக்கு வந்தன. அரிசியைத் தவிர வேறு தானியம் அறியாத வீடுகளிலும் கோதுமை நுழைந்தது. போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் தேநீரும் பரோட்டாவும் தொழிலாளர் ஊர்களின் பொது உணவாயின. தூத்துக்குடியில் இரவு நெடுநேரம் திறந்திருக்கும் பரோட்டாக் கடைகளுக்கு ‘நைட் கிளப்’ என்று பெயர். துறைமுக வேலை முடிந்து வருபவர் கல்லின் சூட்டிலிருந்து எடுத்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிச் சாப்பிட, அடுத்த மேசைக்காரர் நேற்றைய சால்னாவோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்வார். ‘மாஸ்டர் மாறிட்டார்’ என்ற ஒரு வரி போதும், மறுவாரம் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

பண்டக்கடைகளும் இதே சோதனையில்தான் நின்றன. முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து முந்திரித் தூள் சேர்த்துச் சுடும் மக்ரூன், ஐரோப்பியர் வந்துபோன துறைமுகத்துக்கு அடையாளமாயிற்று. ஐரோப்பாவில் பாதாம் சேர்ப்பார்கள். இங்கே போர்த்துகீசியரால் இந்தியாவுக்கு வந்த முந்திரி அந்த இடத்தைப் பிடித்தது. உடன்குடிக்கு மேற்கே முதலூரில் தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வா புகழ்பெற்றது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா இந்த வட்டாரக் கடைகளுக்கு ஆண்டுத் தேர்வு போன்றது. வேடம் கட்டிக் காணிக்கை பிரித்து வரும் பக்தர்கள் பல மாவட்டங்களிலிருந்து லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். அவர்கள் வாங்கிப்போகும் கருப்பட்டிப் பொட்டலத்தோடு அவர்கள் சொல்லும் சொல்லும் ஊர் ஊராகப் போகிறது.

இந்தத் தீர்ப்புகளுக்குச் சட்டம் முத்திரை வைக்கத் தொடங்கியது அண்மையில்தான். 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இலும், ஆத்தூர் வெற்றிலையும் உடன்குடிப் பனங்கருப்பட்டியும் 2023-இலும் அந்தக் குறியீட்டைப் பெற்றன. தேரி மண்ணும் வறண்ட கடற்காற்றும் பதனீருக்குத் தரும் தனிச்சுவையே உடன்குடியின் உரிமைக்கு அடிப்படை. 2021-இல் வெளியான தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனை வளர்ப்புக்குத் தனித்திட்டம் அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அது கூறியது.

முத்திரை கிடைத்த காலத்தில் பண்டம் நெருக்கடியில் இருக்கிறது. பனையேற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பருவத்தில் பல மாதம் உயிரைப் பணயம் வைத்து ஏறும் வேலைக்குக் கிடைக்கும் கூலி, பிள்ளைகளை அந்தத் தொழிலில் நிறுத்தப் போதவில்லை. பதனீர் குறைந்த இடத்தைச் சீனி நிரப்புகிறது. மலிவான சீனியைக் கரைத்து, கொஞ்சம் கருப்பட்டி மணம் ஏற்றி வார்த்த போலிகள் உடன்குடிப் பெயரிலேயே விற்கப்படுகின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை செய்து கைப்பற்றினாலும் விலை வேறுபாடு கலப்படத்தை மீண்டும் மீண்டும் அழைத்து வருகிறது. நல்ல கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மங்கலான கருமை கலந்த பழுப்பு நிறம் தெரியும். சீனி கலந்ததில் பளபளக்கும் படிகங்கள் மின்னும். வாயில் போட்டால் நல்லது மெல்லக் கரைந்து இலேசான உவர்ப்போடு முடியும், போலி சீனியின் வெறும் இனிப்போடு நின்றுவிடும்.

கரிக்கிறது, சப்பென்று இருக்கிறது, மாஸ்டர் மாறிவிட்டார் என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர்களால்தான் இந்தக் கரையின் பண்டங்கள் பெயர் பெற்றன. வாங்குபவர் உடைத்துப் பார்க்க வேண்டும், கிள்ளிச் சுவைக்க வேண்டும், குறையிருந்தால் கடைக்காரரிடமே சொல்ல வேண்டும். நல்லதற்கு உரிய விலையையும் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். அந்த விலை பனையேறியின் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உடன்குடிக் கருப்பட்டி என்ற பெயருக்குள் பதனீர் இருக்கும்.