தோளில் ஏறிய மூட்டை இயந்திரத்துக்கு மாறிய கதை

பினாங்குத் துறைமுகத்தின் பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. இடுப்பில் வேட்டி, தலையில் சும்மாடு, தோளில் மூட்டை. தோணியிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து கிட்டங்கிக்கும் மனிதர்கள் எறும்பு வரிசைபோல் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஜார்ஜ் டவுன் வாணிப நகரமாகத் தலைநிமிர்ந்து நின்றதென்றால், அதன் பாரத்தைத் தாங்கிய முதுகுகளில் தமிழர் முதுகும் ஒன்று.

அந்த மூட்டையை நாம் கோணி என்கிறோம். மலாய்க்காரர்கள் குனி என்கிறார்கள். ஆங்கிலேயர்கள் கன்னி என்றார்கள். மூன்றும் ஒரே சொற்குடும்பம். சரக்கோடு சேர்ந்து சொல்லும் கடல் கடந்திருக்கிறது!

இன்று கடைக்குப் போய் ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ சீனி, கால் கிலோ கறித்தூள் என்று வாங்கி வருகிறோம். அளவு சரியாக இருக்கிறது. வாய் சீராக ஒட்டப்பட்டிருக்கிறது. மனிதக் கை படாமலேயே அந்தப் பை நிரம்பியிருக்கிறது. தோளில் தொடங்கிய அந்தப் பயணம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது? அந்த வரலாற்றில் இன்றைய இளைஞர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது.

மனிதத் தோளே அளவுகோல்

நம் முன்னோர்கள் இந்நாட்டில் புழங்கிய எடைகளில் ஒன்று பிக்குல். நூறு காத்தி சேர்ந்தால் ஒரு பிக்குல். இன்றைய கணக்கில் சுமார் 60.5 கிலோ. மலாய் மொழியில் பிக்குல் என்றால் தோளில் சுமப்பது என்று பொருள். ஒரு மனிதன் சுமக்கக்கூடிய பாரமே ஓர் எடை அளவாகிவிட்டது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். துறைமுகங்களில் நூறு கிலோவை நெருங்கிய அரிசி மூட்டைகளும் புழங்கின.

இந்தச் சுமையைப் பற்றி உலகம் கவலைப்பட நெடுங்காலம் ஆயிற்று. 1967-இல்தான் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் ஒருவர் சுமக்கும் பாரத்துக்கு வரம்பு வேண்டும் என்று உடன்படிக்கை கொண்டு வந்தது. அதனுடன் வெளியிட்ட பரிந்துரையில், வயது வந்த ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவுக்கு மேல் கூடாது என்று கூறியது. அதாவது, நம் தாத்தாக்கள் ஒரு மனிதச் சுமை என்று எண்ணித் தூக்கிய ஒரு பிக்குலே அந்த வரம்பைத் தாண்டியது!

ஆகவே, மூட்டையின் வரலாறு என்பது முதுகெலும்பின் வரலாறும்கூட. மூட்டை கட்டும் இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக்கூடாது.

பை செய்த பெண்மணி

மூட்டையை நிரப்ப ஓர் இயந்திரம் வேண்டுமானால், முதலில் எல்லாப் பைகளும் ஒரே அளவில், ஒரே வடிவில் இருக்க வேண்டும். கையால் செய்த பைகளில் அது நடவாத காரியம். எனவே, பையை நிரப்பும் இயந்திரத்துக்கு முன்னால் பையைச் செய்யும் இயந்திரம் பிறந்தது.

1852-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் வுல் என்பவர் காகிதப் பை செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், அந்தப் பைகளுக்குத் தட்டையான அடிப்பாகம் இல்லை. மேசையில் வைத்தால் நிற்காது. ஒரு கை பையைப் பிடித்துக்கொள்ள, மறு கைதான் நிரப்ப வேண்டும்.

இந்தக் குறையைக் கண்டவர் மார்கரெட் நைட் என்ற பெண்மணி. சிறுவயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒரு காகிதப் பை ஆலையில் வேலை செய்தபோது, தட்டையான அடிப்பாகம் கொண்ட பையை இயந்திரமே மடித்து ஒட்டினால் என்ன என்று யோசித்தார். 1868-இல் மரத்தால் மாதிரி செய்து ஓட்டிப் பார்த்தார். பிறகு இரும்பில் செய்யக் கொடுத்தார். அங்கே அதைப் பார்த்த சார்லஸ் அனன் என்பவர் அந்த யோசனையைத் தனதென்று பதிவு செய்ய முனைந்தார்.

வழக்கு நடந்தது. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நுட்பமான இயந்திரம் புரியுமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. நைட் தம் வரைபடங்களையும் குறிப்பேடுகளையும் சாட்சிகளையும் கொண்டு வந்து நிறுத்தினார். வென்றார். 1871-இல் காப்புரிமை அவர் பெயருக்கே வந்தது. இன்றும் கடைகளில் தரும் அடிதட்டையான காகிதப் பைக்கு மூலம் அதுதான்.

பெரிய பொறியியல் கல்லூரியிலிருந்து வந்தவரல்லர் அவர். ஆலையில் இயந்திரத்தின் அருகே நின்றவர். குறையைக் கண்டார், குறித்து வைத்தார், மாற்றிப் பார்த்தார். இந்த மூன்றும்தான் வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வருகின்றன.

காகிதத் தாளே பையாகும் விந்தை

அடுத்த பெரிய பாய்ச்சல் 1936-இல் நிகழ்ந்தது. அமெரிக்காவில் மிட்டாய் நிறுவனம் ஒன்றோடு பணியாற்றிய வால்டர் ஸ்வாயர் என்பவர், பையைத் தனியாகச் செய்து பிறகு நிரப்பும் முறையையே மாற்றினார். சுருளாக வரும் தாள் குழாயைச் சுற்றி வளைகிறது. பக்கவாட்டில் ஒட்டப்படுகிறது. அடி ஒட்டப்படுகிறது. மேலிருந்து சரக்கு விழுகிறது. மேல்வாய் ஒட்டப்பட்டு வெட்டப்படுகிறது. அந்த ஒரே ஒட்டு, நிரம்பிய பைக்கு மேல்வாயாகவும் அடுத்த பைக்கு அடியாகவும் ஆகிவிடுகிறது! இன்று பொட்டலத்தில் விற்கும் மிக்சரிலிருந்து சீனி வரை பெரும்பாலானவை இந்த முறையில்தான் பையாகின்றன.

இந்தச் சின்னப் பை தமிழ்நாட்டில் ஒரு சமூக மாற்றத்தையே செய்தது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், விலை உயர்ந்த பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்தால் ஏழைகளும் வாங்கலாம் என்று எண்ணியவர். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய நிறுவனம், தந்தையின் பெயரைச் சுருக்கிச் சிக் என்ற ஷாம்பூவை உறையில் விற்றது. புட்டி வாங்க இயலாத கிராமத்துக் குடும்பங்கள் உறை வாங்கின. அன்று ஏழைக்கு வசதியாக வந்த அந்த உறைகள் இன்று குப்பையாகக் குவிந்து புதிய சிக்கலாகி நிற்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எடை என்னும் சோதனை

பை செய்வது ஒரு பாதி. சரியான எடையில் நிரப்புவது மறு பாதி. அதுதான் கடினமான பாதி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்துக் கிலோ அரிசிப் பையில் ஐம்பது கிராம் கூடுதலாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால், நாளொன்றுக்கு 6,000 பைகள் நிரப்பும் ஆலையில் அது 300 கிலோ. முப்பது பை அரிசி ஒவ்வொரு நாளும் இலவசமாகப் போகிறது! அதற்குப் பயந்து குறைத்துப் போட்டால் வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார். சட்டம் பாயும்.

கூடுதல் ஏன் விழுகிறது? இயந்திரம் பத்துக் கிலோ ஆனதும் கதவை மூடுகிறது. ஆனால், அந்த நொடியில் நடுவானில் விழுந்துகொண்டிருக்கும் அரிசி பைக்குள்தானே வந்து சேரும்? இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழி, முதலில் வேகமாகக் கொட்டுவது, எடை நெருங்கியதும் மெல்லச் சிந்தவிடுவது, நடுவானில் இருப்பதைக் கணக்கிட்டுச் சற்று முன்னதாகவே கதவை மூடுவது. நம் மளிகைக் கடைக்காரர் தராசுத் தட்டில் கடைசியில் ஒரு சிட்டிகை போடுவாரே, அதே தந்திரம்தான்!

1938-இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் ஆகிய இருவர் தனித்தனியே கண்டுபிடித்த ஒரு மெல்லிய கம்பி உணர்கருவி இதற்குக் கைகொடுத்தது. பாரம் ஏறும்போது உலோகம் நுண்ணளவில் நெளியும். அந்த நெளிவை மின்சார அளவாக மாற்றிச் சொல்வது அந்தக் கருவி. 1960-களின் இறுதியில் கார் ஆலைகளுக்காகப் பிறந்த சிறு கட்டுப்பாட்டுக் கணினிகள் பின்னர் இங்கும் வந்து சேர்ந்தன. இன்றைய இயந்திரம் ஒவ்வொரு பையின் எடையையும் பார்த்து, அடுத்த பைக்குத் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது.

1972-இல் ஜப்பானின் இஷிடா நிறுவனம் செய்தது இன்னும் சுவையானது. பச்சைக் குடைமிளகாய் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை. அதைக் குறிப்பிட்ட எடையில் பையில் போடுவது எப்படி? பத்துக் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடை பார்ப்பதாகக் கொள்வோம். அவற்றை 1,023 விதங்களில் சேர்க்கலாம். அவற்றுள் குறித்த எடைக்கு மிக அருகில் வரும் சேர்க்கையை கணினி நொடியில் தேர்ந்தெடுத்து, அந்தக் கிண்ணங்களை மட்டும் திறந்துவிடும். காய்கறிக்குப் பிறந்த இந்த யோசனைதான் இன்று முறுக்கையும் உருளைக்கிழங்கு வறுவலையும் அளந்து தருகிறது.

சரக்குதான் ஆசான்

ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு குணம் உண்டு. அரிசி தண்ணீர்போல் ஓடும். கறித்தூள் ஓடாது. அதில் எண்ணெய்ப் பசை உண்டு. கொள்கலனுக்குள்ளேயே பாலம் கட்டிக்கொண்டு நிற்கும். அதற்குத் திருகுத் தண்டு வைத்துத் தள்ள வேண்டும். மாவு காற்றை விழுங்கிப் பையை ஊதவைக்கும். அதனால் பையை அதிர்வு கொடுத்துத் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். முறுக்கு உயரத்திலிருந்து விழுந்தால் நொறுங்கும். ஒட்டும் இடத்தில் ஒரு துகள் மாட்டினாலும் பை கசியும். ஒட்டுவதற்குரிய சூடு, அழுத்தம், நேரம் மூன்றில் ஒன்று பிசகினாலும் அதே கதிதான்.

இவற்றை அன்றாடம் கண்ணால் பார்ப்பவர் யார்? இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளிதான். மழை நாளில் தூள் கட்டுகிறது என்பதும், இந்த வகைத் தாள் சரியாக ஒட்டவில்லை என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். பாதுகாப்பும் அப்படியே. ஒட்டும் தாடைக்குள் கை போகாதபடி மறைப்பு, மறைப்பைத் திறந்தால் இயந்திரம் தானே நிற்கும் ஏற்பாடு எல்லாம் யாரோ ஒருவருடைய விரல் காயப்பட்ட பிறகு கற்ற பாடங்கள்.

மாக் மண்டின் சொல்லும் செய்தி

பினாங்கின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்தை ஒட்டியுள்ள மாக் மண்டினில் 1960-களின் தொடக்கத்தில் தொழிற்பேட்டை உருவானது. பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகள் 1970-களில் வருவதற்கு முன்பே புகைபோக்கிகளைக் கண்ட மண் இது. அருகிலுள்ள பிறையில் 1964-இல் நாட்டின் முதல் சீனிச் சுத்திகரிப்பு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இதில் ஒரு வரலாற்று வட்டம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இதே பெருநிலப் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பரும் சுருங்கி ஆலைகள் வந்தன. கரும்பு வெட்டிய சமூகத்தின் பேரப்பிள்ளைகள் காலத்தில் சீனி மூட்டையாக மீண்டும் வந்தது.

1969-இல் ஜார்ஜ் டவுன் தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. கொள்கலப் பெட்டிகள் வந்தபின் மூட்டை தூக்கும் வேலையும் மெல்ல மறைந்தது. முதுகுகள் தப்பின. ஆனால், அந்த முதுகுகளை நம்பியிருந்த வீடுகளின் அடுப்புகள்? இயந்திரம் வரும் இடத்தில் பலர் செய்த வேலையைச் சிலர் செய்கிறார்கள் என்பது கசப்பான உண்மை. அதை மூடி மறைத்து இயந்திரத்துக்கு வாழ்த்துப் பாடுவது நியாயமாகாது.

அதே வேளையில், இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருப்பதாலும் பயனில்லை. பொத்தானை அழுத்தும் வேலைக்கு இன்று அந்நியத் தொழிலாளர்களும் போட்டியாக இருக்கிறார்கள். நாளை அந்தப் பொத்தானும் இல்லாமல் போகலாம். ஆனால், பை ஏன் கசிகிறது, எடை ஏன் கூடுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடாத ஆலை இல்லை.

அந்தக் கல்வி தொலைவில் இல்லை. 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. மாக் மண்டினில் தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. பள்ளிக்கும் தொழிற்பேட்டைக்கும் இடையே உள்ள தூரம் நடந்து போகும் தூரம்தான். அதைக் கடக்க வேண்டியது மனத்தால்.

மருத்துவர், வழக்கறிஞர் என்று மட்டுமே கனவு காணும் பெற்றோர்கள், பிள்ளை வீட்டில் எதையாவது கழற்றிப் பார்த்தால் அடிப்பதை நிறுத்திவிட்டு, அதைத் திரும்பப் பூட்டத் தெரிகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பெண் பிள்ளைக்கு எதற்கு இயந்திரம் என்று நினைப்பவர்கள் மார்கரெட் நைட்டை நினைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஆலையில் வேலை செய்பவர்கள் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, இன்று இயந்திரம் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எழுதி வரலாம். நைட்டை வழக்கில் காப்பாற்றியவற்றுள் குறிப்பேடும் ஒன்றல்லவா?

தாத்தா மூட்டையைச் சுமந்தார். தந்தை இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். பேரனோ பேத்தியோ அந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்துத் திருத்தட்டும். ஒரு பிக்குல் பாரம் தோளிலிருந்து இறங்கியதற்கு அதுவே உண்மையான பொருள்.