ஞானஸ்நானமும் சாதிச் சான்றிதழும்

போடியிலிருந்தும் ஏலமலைச் சரிவுகளிலிருந்தும் கல்லூரிக்கு வரும் தலித் மாணவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத் தோட்டத்துக்குப் போகும் அம்மாவின் கூலியிலும் அரசு உதவித்தொகையிலும் ஓடுகிற படிப்பு அது. அப்படி ஒருவர் கத்தோலிக்கராக நினைத்தால் அவர் நம்பிக்கையில் நாம் தலையிடப் போவதில்லை. ஆனால் இதே முடிவை முன்பு எடுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

போடி இன்று மதுரை மறைமாவட்டத்தில் இருக்கிறது. அந்த மதுரைக்கு 1606இல் வந்த ராபர்ட் தெ நொபிலி, பார்ப்பனத் துறவியைப் போல வாழ்ந்து மதம் பரப்பினார். மதம் மாறிய பார்ப்பனர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் ரோமே அனுமதித்தது. ஒடுக்கப்பட்டவர்களிடம் போக, பின்னாளில் 'பண்டாரசாமிகள்' என்று தனிக் குருக்கள் வந்தார்கள். ஆக, சாதி தேவாலயத்துக்குள் திருட்டுத்தனமாக நுழையவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டே நுழைந்தது.

இனி, கல்லூரி மாணவர்கள். 1890களில் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பார்ப்பன மாணவர்கள் சிலர் கத்தோலிக்கரானார்கள். வீடும் உறவும் அவர்களைத் துரத்தின. அந்த வலி உண்மையானது, மறுக்க வேண்டியதில்லை. சேசு சபைக் குருக்கள் அவர்களுக்கென்று ஒரு தோப்பில் தனிக் குடியிருப்பே அமைத்துக் கொடுத்தார்கள். மரக்கறி உணவு உட்பட சாதி வழக்கங்களை அவர்கள் தொடரவும் முடிந்தது. அதே திருச்சியில், மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், தலித் கத்தோலிக்கரின் பிணத்தைப் பிரித்துவைக்க ஒரு சுவர் நின்றது. அவர்களுக்குத் தோப்பு, நமக்குச் சுவர்.

சபைக்குள் சாதி போகவில்லை. அரசோ போய்விட்டது என்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான்.

இதில் நேரடியாக மாட்டிய ஒரு மாணவர் மோகன் ராவ். ஆந்திராவில், கிறித்தவர்களாக மாறிய மாதிகாப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1973இல் இந்துவாக மாறி, குண்டூர் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி இடம் கேட்டார். கிடைத்த இடம் ரத்தானது. உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்னது: சாதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் அவர் மாதிகாவே. மருத்துவம் படிக்க ஒரு மாணவர் தன் சாதியிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது!

1985இல் சூசை வழக்கு. சென்னை நடைபாதையில் செருப்பு தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர் அவர். அதே தெருவில் தைத்த இந்துத் தொழிலாளிக்கு அரசு பெட்டிக்கடை தந்தது, அவருக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதை நிரூபியுங்கள் என்றது நீதிமன்றம். 2024 நவம்பரில், குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண்ணின் பட்டியல் சாதிக் கோரிக்கையும் தள்ளுபடியானது. அதாவது கோயில் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு வரி முப்பது ஆண்டு கழித்தும் சாட்சிக்கு வரும்.

தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்கிறார். 18 சதவீத ஒதுக்கீட்டை விட்டு, வசதி படைத்த சாதிகளும் இருக்கிற 26.5 சதவீதத்தில் போட்டியிட வேண்டும். மாநில அரசின் கல்வி உதவித்தொகை அவருக்கும் உண்டு. பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடுகிறது. 1989 மீனாட்சிபுரம் கலவரத்தைப் பார்த்த போடிக்காரர்களுக்கு அது என்ன இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

தலித் கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் பட்டியலில் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே சொன்னது. 2022 அக்டோபரில் அதே கேள்விக்கு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். அந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்த மாணவர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்.