குளிரை மறந்த கொடி

சிவகாசிக்கு வருஷத்தில் ஒரே அறுவடைதான்: தீபாவளி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தபோது, மழை இல்லாத குறையே முதலீடாகிவிட்டது. அந்த வெயிலில் வளர்ந்த எனக்கு, வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் நடப்பது எப்போதுமே பொறாமைதான். 1895-இல் பெரியாறு அணை கட்டி முடித்த பிறகு தண்ணீர் பார்த்த கம்பம் பள்ளத்தாக்கில், ஒரே கொடியில் வருஷத்துக்கு இரண்டு அறுவடை.

திராட்சை குளிர்நாட்டுக் கொடி. பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் விழிக்கும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இன்றும் அப்படித்தான். ஒரு தூக்கம், ஒரு கவாத்து, ஒரு அறுவடை. கம்பத்தில் குளிர் இல்லை, அதனால் தூக்கமும் இல்லை. கத்தரிதான் காலண்டர். கவாத்து செய்த நாள் கொடிக்குப் புது வருஷம். என் தொழிலில் இதை ரீஸ்டார்ட் என்போம்.

அங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குளிருக்குப் பயந்து கட்டிய கண்ணாடி வீடுகளில் பிறந்த ரகம். 2023-இல் கம்பத்தின் பெயரில் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. ஆனால் அதில் விதை உண்டு. நகரத்துக் கடையில் நாம கேட்பது விதையில்லாததை.

விதையில்லாததில் பிரபலமானது தாம்சன் சீட்லெஸ். 1870களில் வில்லியம் தாம்சன் என்பவர் கலிஃபோர்னியாவில் பரப்பியதால் அந்தப் பெயர். கொடியோ மேற்காசியாவின் பழைய கிஷ்மிஷ். அடுத்த பருவத்துக் குலைகள் மொட்டுக்குள் முன்கூட்டியே உருவாக வேண்டும், அதற்கு நல்ல வெயில் வேண்டும். மேகம் மூடினால் மொட்டு மலடாகிவிடும். அதனால் நாசிக்கில் இரண்டு முறை வெட்டி, ஒரே முறை அறுக்கிறார்கள். ஏப்ரல் கவாத்து மொட்டுக்கு, அக்டோபர் கவாத்து பழத்துக்கு.

விதை போனதற்கும் ஒரு விலை உண்டு. பழத்தைப் பெருக்கும் ஜிப்ரலினைச் சுரப்பதே விதைதான். அது பாதியில் கருகிவிடுவதால் மருந்தில் முக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, நெல்நாற்றை ஒல்லியாக நெட்டையாக வளர்த்துச் சாகடிக்கும் பூஞ்சைநோயை ஆராயும்போது பிடிபட்ட சமாச்சாரம் இது.

குளிர் செய்ய வேண்டிய இன்னொரு வேலையை ஹைட்ரஜன் சயனமைடு செய்கிறது. அக்டோபரில் வெட்டிய கொடியில் மொட்டு மொட்டாகக் கையால் தடவினால் எல்லாம் ஒன்றாக விழிக்கும். தோலை அரிக்கும் மருந்து. தடவியவர் அன்று மது குடித்தால் உடம்பு கொதித்து மூச்சு முட்டும். ஐரோப்பிய ஒன்றியம் தன் தோட்டங்களுக்கு இதை வேண்டாமென்று 2008-இல் முடிவு செய்தது. நாசிக் பழம் ஐரோப்பாவுக்குத்தான் கப்பல் ஏறுகிறது. அங்கே தடை தோட்டத்துக்கு மட்டும், தட்டுக்கு இல்லை.

பட்டாசுத் திரியில் கை கருத்தவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. திருவிழா ஒரு ஊரில், மருந்து வேறொரு ஊர்க் கையில். கொடியின் தூக்கத்தைக் கலைத்தால் அந்த வேலையை யாராவது கையால்தான் செய்ய வேண்டும். பன்னீர் திராட்சையில் நாம் துப்புகிற அந்த விதை, தன் பழத்தைத் தானே பெருக்கிக்கொண்ட விதை. இரண்டு விதை துப்புவது அப்படியொன்றும் பெரிய சிரமமில்லை.