இரண்டு முகமூடி வாரிசுகள்

எட்டி கெர்ரேரோ என்ற மல்யுத்த வீரரை எதிர்த்து, முகமூடியைப் பணயம் வைத்து இறங்கிய இருவர் உண்டு. 1994 நவம்பர் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் எல் இஹோ தெல் சாந்தோ, அதாவது சாந்தோவின் மகன். 1997 அக்டோபர் 26 அன்று லாஸ் வேகாஸில் ரே மிஸ்டீரியோ. இருவருமே வென்றார்கள். இருவரும் குடும்பத்துப் பெயரைச் சுமந்துகொண்டு மேடையேறியவர்கள். ஆனால் பதினாறே மாதங்களில் மிஸ்டீரியோ தன் முகமூடியைப் பறிகொடுத்தார். சாந்தோவின் மகன் ஒருநாளும் பறிகொடுத்ததில்லை. இதை வைத்து மிஸ்டீரியோவைவிடச் சாந்தோவின் மகன் உயர்ந்தவர் என்று பேசுகிற ரசிகர்கள் மெக்சிகோவில் நிறையப் பேர். அந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்லை.

லூச்சா லிப்ரே எனப்படும் மெக்சிகோ மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே பேசி முடிவான விஷயம். அப்படியிருக்க முகமூடி போவதில் என்ன பெரிய இழப்பு என்று கேட்கலாம். ஆட்டம் நாடகமாக இருக்கலாம், இழப்பு நிஜம். தோற்றவர் மேடையிலேயே முடிச்சை அவிழ்த்து முகத்தைக் காட்ட வேண்டும். இயற்பெயரையும் சொந்த ஊரையும் சொல்ல வேண்டும். மறுநாள் பத்திரிகையில் எல்லாம் வரும். மரபுப்படி அந்த முகமூடியை அவர் மறுபடி அணியக் கூடாது. அதனால் முகமூடியைத் தோற்பதற்கு ஒரு வீரர் ஒப்புக்கொள்கிறார் என்றால், அதுவரை சேர்த்த சொத்து முழுவதையும் ஒரே ராத்திரியில் விற்கிறார் என்று பொருள். விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் இந்த இருவருக்கும் இடையே உள்ள நிஜமான வேறுபாடு.

முதலில் சாந்தோ வீட்டுக் கதை. தந்தை எல் சாந்தோ 1942இல் அந்தப் பெயரோடு மேடையேறினார். அவருடைய சகோதரர்களும் மல்யுத்தக்காரர்கள். 1952இல் பிளாக் ஷேடோவின் முகமூடியைக் கழற்றிய பிறகு அவர் புகழ் கட்டுக்கடங்காமல் போனது. ஐம்பதுக்கு மேற்பட்ட படங்கள், வாராவாரம் வந்த படக்கதை என்று நாடு முழுவதும் அறிந்த முகமாக ஆனது அந்த வெள்ளி முகமூடி. 1984 ஜனவரி கடைசியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைச் சற்றே உயர்த்தி முகத்தின் ஒரு பகுதியைக் காட்டினார். சில நாட்களில், பிப்ரவரி 5 அன்று, மாரடைப்பில் இறந்தார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

மகன் 1982இல் களமிறங்கினார், முதலில் எல் கோராக் என்ற வேறு பெயரில். பட்டப்படிப்பை முடித்துவிட்டுத்தான் மல்யுத்தம் என்பது தந்தை போட்ட நிபந்தனை. அவருடைய இயற்பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. முகமூடியைத் தோற்காதவரின் பெயரைச் சொல்லாமல் விடுவதுதான் அந்தக் கலைக்குச் செய்யும் மரியாதை. வெள்ளி முகமூடியில் அலங்காரம் ஏதும் இல்லை. கண்ணீர்த் துளி வடிவில் இரண்டு கண் ஓட்டைகள், மூக்குக்கும் வாய்க்கும் திறப்பு, பின்னந்தலையில் கயிற்று முடிச்சு, அவ்வளவுதான். எதிராளியைக் குப்புறத் தள்ளி, முதுகில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும் 'லா தே அ கபாயோ' பிடிகூடத் தந்தை போட்டதேதான். மகனிடம் ஜனங்கள் எதிர்பார்த்தது புதுமையை அல்ல, தந்தை மறுபடி நடந்து வருவதை.

அதை அவர் எவ்வளவு துணிந்து மீறினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1996 கடைசியில் அவர் ருடோ, அதாவது வில்லன் பக்கம், மாறினார். நீண்ட நாள் போட்டியாளரான நெக்ரோ காசாஸைத் தாக்கினார். தேசமே கும்பிட்ட வெள்ளி முகமூடி வில்லனாக நின்றதை அரேனா மெக்சிகோ அரங்கின் ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பகை 1997 செப்டம்பர் 19 அன்று முகமூடிக்கு எதிராகத் தலைமுடி என்ற பந்தயத்தில் முடிந்தது. காசாஸின் தலை மழிக்கப்பட்டது. தந்தையும் ஆரம்ப காலத்தில் பல வருடம் ருடோவாக இருந்தவர்தான். தொன்மமாகிப்போன தந்தையை மறுபடி சதையும் ரத்தமுமான மல்யுத்தக்காரராக நினைவுபடுத்தியது மகனின் அந்த ஒரு வருடம். அவர் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

மிஸ்டீரியோவுக்குக் கிடைத்த குடும்பச் சொத்து மிகச் சிறியது. கலிபோர்னியாவின் சுலா விஸ்டாவில் 1974இல் பிறந்த ஆஸ்கர் குட்டியெரஸ், எல்லை தாண்டித் திகுவானாவில் தன் மாமா ரே மிஸ்தேரியோவின் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தார். மாமா அந்தப் பக்கத்தில் மதிக்கப்பட்ட வீரர், சிறந்த ஆசான். ஆனால் தேசத் தொன்மம் இல்லை. பதினான்கு வயதில் மேடையேறிய மருமகனுக்கு முதலில் கிடைத்தது பச்சைப் பல்லி என்ற பெயர், பிறகு தேன்சிட்டு. தகுதியானவன் என்று மாமா நினைத்த பிறகே குடும்பப் பெயர் வந்தது. உயரம் ஐந்தரை அடி. கயிற்றில் கால் வைத்து எகிறி எதிராளியின் கழுத்தைக் கால்களால் சுற்றித் தூக்கி எறியும் வேகம்தான் அவர் மூலதனம். மாமா போடாத ஆட்டம் அது.

லாஸ் வேகாஸில் அன்று அவர் தலைமுதல் கால்வரை ஊதா உடை அணிந்து வந்தார். ஆட்டம் நெடுக கெர்ரேரோ முகமூடியைப் பிடித்துப் பிய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மேல்கயிற்றில் இருந்து மிஸ்டீரியோவை ஓங்கி எறியப் போனபோது, அவர் அந்தரத்திலேயே உடலைத் திருப்பிக் கெர்ரேரோவைக் கவிழ்த்து வென்றார். லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது வேறு விதம். சாந்தோவின் மகனும் ஆக்டகோனும் ஒரு பக்கம், கெர்ரேரோவும் ஆர்ட் பாரும் மறுபக்கம், மூன்று சுற்று. முடிவில் கெர்ரேரோவும் பாரும் தலைமுடியை இழந்தார்கள். எட்டியின் தந்தை கோரி கெர்ரேரோ, எல் சாந்தோவின் பழைய ஜோடி. இரு தந்தையரின் நட்பு, மகன்களின் பகையாக அங்கே நின்றது. அந்த ஆட்டத்துக்குப் பின்னால் நாற்பது, ஐம்பது வருடச் சரித்திரம் இருந்தது. மிஸ்டீரியோவின் ஆட்டத்துக்குப் பின்னால் இருந்தது அவருடைய உடம்பு மட்டுமே. தனி ஆட்டமாகப் பார்த்தால் லாஸ் வேகாஸ் ஆட்டமே சிறந்தது என்று நான் சொல்வேன்.

பிறகு 1999 பிப்ரவரி 21, ஓக்லாண்ட். அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. மிஸ்டீரியோவின் முகமூடியை, ஏழடிக்குச் சற்றே குறைந்த கெவின் நாஷும் ஸ்காட் ஹாலும் இருந்த அணிக்கு எதிரான ஆட்டத்தில் பணயம் வைத்தது. எதிர்ப்பணயம் அந்த இருவரின் தலைமுடிகூட அல்ல, அவர்களோடு வந்த எலிசபெத்தின் கூந்தல். வருடக்கணக்கான பகையும் இல்லை, அந்த முகமூடியைப் பெறத் தகுதியுள்ள முகமூடி வீரரும் எதிரே இல்லை. அங்கே முகமூடியைத் தோற்றது தனக்கு விருப்பமே இல்லாமல் நடந்தது என்று மிஸ்டீரியோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். மெக்சிகோ நகரத்தில் முகமூடிக்குப் பின்னால் ஒரு மல்யுத்த ஆணையமும், பத்திரிகைகளும், பாட்டன் காலத்து நினைவும் காவல் நின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது அடுத்த வாரக் கதைக்கான ஒரு பொருள். சாந்தோவின் மகன் முகமூடியைக் காத்தார் என்பது உண்மை. அவரைக் காக்க ஒரு நாடு இருந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

2002இல் இன்னொரு அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்தபோது மிஸ்டீரியோ மறுபடி முகமூடி அணிந்தார். மரபை மதிப்பவர்களுக்கு அது உறுத்தியது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இங்கே நம் ஊரில் அந்தப் பத்தாண்டுகளில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே மெக்சிகோ முகமூடி அவருடையது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நிறம் மாறும், சிறகு மாறும், நெற்றியில் சிலுவை வரும். 2005 நவம்பரில் எட்டி கெர்ரேரோ இறந்தார். அடுத்த ஏப்ரல் 2 அன்று சிகாகோ அருகே மிஸ்டீரியோ உலகக் கனரகப் பட்டத்தை வென்று அந்த நண்பருக்குக் காணிக்கையாக்கினார். மாமாவின் பெயரை மாமாவே எட்டாத இடத்துக்குக் கொண்டுபோனவர் அவர். எவ்வளவு உழைத்தாலும் அந்த வாய்ப்பு சாந்தோவின் மகனுக்குக் கிடையாது. எல் சாந்தோவைவிடப் பெரிய சாந்தோ இருக்க முடியாது.

அடுத்த தலைமுறையில் இந்த வேறுபாடு இன்னும் விரிந்திருக்கிறது. வெள்ளி முகமூடியை இப்போது பேரன் எல் சாந்தோ ஜூனியர் அணிகிறார். மிஸ்டீரியோவின் மகன் டொமினிக் வெறும் முகத்தோடே மேடையேறினார். 2022 செப்டம்பரில் கார்டிஃபில் தந்தையையே அடித்து வில்லன் பக்கம் போனார். 2023 ஏப்ரல் 1 அன்று, டபிள்யூ.டபிள்யூ.இ. புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற மறுநாள், தந்தை மகனோடு மோதி வென்றார். முகமூடி வேண்டாம் என்ற அந்த மகனுக்கு இன்று அரங்கம் நிறையக் கூச்சல் எழுகிறது. அவர் பெயரின் பாதி இன்னும் திகுவானா மாமாவுடையதுதான்.