தீ வைக்கிற உரிமை

நாட்காட்டியும் ஓர் அதிகாரக் கருவிதான். 1788இல் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர், நிலத்தோடு காலத்தையும் கைப்பற்றினார்கள். ஐரோப்பாவின் நான்கு பருவங்களைத் தலைகீழாக்கி அங்கே மாட்டினார்கள். வெப்பமண்டல வடக்கில் அது மழை, வறட்சி என இரண்டாகச் சுருங்கியது. அதே வடக்கில், ககாடுவின் பினிஞ் மக்களுக்குப் பருவம் ஆறு. தேதி அல்ல, நிலம் காட்டும் அடையாளமே கணக்கு. மே, ஜூன் வாக்கில் வரும் யெக்கெ பருவத்தில் ஒருவகை யூகலிப்டஸ் பூத்தால், காட்டுக்குத் தீ வைக்கலாம். சின்னத் தீ, பின்னால் வரும் பெருந்தீயைத் தடுக்கும்.

பக்கத்து மேற்கு ஆர்னெம் நிலத்தில் இந்தத் தீ மீண்டது. 2006 ஒப்பந்தப்படி டார்வின் எரிவாயு ஆலை தன் உமிழ்வுக்கு ஈடாக அதற்குப் பணம் தந்தது. எனக்கு உறுத்துவது இதுதான்: யாரோட புகையை ஈடுகட்ட இந்த அறிவு? மீட்பு என்பது பருவப் பெயர்களை அச்சடிப்பதல்ல. எப்போது, எதற்காகத் தீ வைப்பது என்பதை நிலத்துக்குரியவங்களே தீர்மானிக்கணும். இல்லேன்னா மிஞ்சுறது சுவர்க் காலண்டர்தான்.