மேட்டூர் நீர்த்தேக்கமும் மீன்களும்: நீர்மட்டம் தாழும் காலம்

மேட்டூர் நீர்த்தேக்கம் சேலம் மாவட்டத்தில் காவிரியின் குறுக்கே அமைந்துள்ளது. 1925இல் தொடங்கிய அணைக் கட்டுமானம் 1934இல் நிறைவுற்றது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்றும் இது வழங்கப்படுகிறது. இதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பிய நிலையில் நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். பாசனத்திற்காகக் கட்டப்பட்ட இந்த அணை நாளடைவில் பெரிய உள்நாட்டு மீன்பிடித் தளமாகவும் மாறியது. எனினும் மதகு திறப்பதும் மூடுவதும் டெல்டாப் பயிரைக் கருதியே நடைபெறுகின்றன.

ஆற்று மீன்களின் மாற்றம்

கடலில் வாழும் உள்ளம் மீன், வெள்ளக் காலத்தில் ஆற்றில் எதிரேறி வந்து முட்டையிடும் இயல்புடையது. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மேலணையும் கீழணையும் காவிரியில் அதன் பாதையை முன்னரே மறித்திருந்தன. மேட்டூர் அணையோ ஆற்று வெள்ளத்தையே தேக்கிக்கொண்டது. இதனால் காவிரியில் உள்ளம் மீன் அருகிப்போனது.

பிற்காலத்தில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் குஞ்சுகள் நீர்த்தேக்கத்தில் விடப்பட்டன. இவை தேங்கிய நீரில் எளிதில் இனப்பெருக்கம் செய்வதில்லை. 1957இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றைச் செலுத்தி இந்தியக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே பண்ணைகளில் பெருமளவில் குஞ்சு பொரிக்க வழி பிறந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனும் தமிழக நீர்நிலைகளில் பரவியது.

நீர் வற்றும்போது நிகழ்வது

கோடையில் நீர் பின்வாங்கும்போது, பண்ணவாடிப் பகுதியில் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அணை கட்டியபோது இடம்பெயர்ந்த ஊர்களின் எச்சங்கள் அவை. நீருக்குள்ளும் அப்போது பல மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலில், மீன்கள் சிறிய பரப்பில் நெருங்குகின்றன. பரிசலில் சென்று வலை வீசுவோருக்குச் சில வாரங்கள் மீன் மிகுதியாகக் கிடைக்கும். இது மீன்வளம் பெருகியதன் அடையாளமன்று; பரந்து கிடந்தவை ஓரிடத்தில் சேர்ந்ததன் விளைவு. இளமீன்களும் சினை மீன்களும் அவ்வலையில் சிக்கினால் அடுத்த பருவத்தில் மீன்வரத்து குறையும்.

இரண்டாவதாக, உயிர்வளி குறைகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. ஆழம் குறைந்த நீர் விரைவில் சூடேறும். கழிவுகளும் ஊட்டப்பொருள்களும் செறிவதால் பாசி பெருகும். பகலில் உயிர்வளியை வெளியிடும் பாசி, இரவில் அதை உறிஞ்சிக்கொள்ளும். எனவே விடியற்காலையில் மீன்கள் நீர்மேல் வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். காற்றைச் சுவாசிக்க வல்ல விராலும் தேளியும் தாக்குப்பிடிக்கும். கட்லா, ரோகு போன்றவை கூட்டமாக இறக்கும்.

மூன்றாவதாக, கரையோரச் செடிகளில் ஒட்டிய சில கெண்டை இனங்களின் முட்டைகள் நீர் இறங்கியதும் காய்ந்துவிடும். தாய் ஜிலேபி மீன் முட்டைகளை வாயில் சுமப்பதால் இந்த இழப்பிலிருந்து பெரிதும் தப்பிக்கிறது. நீர்மட்டம் அடிக்கடி ஏறி இறங்கும் நீர்நிலைகளில் அம்மீன் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீர் திரும்பும்போது

நீர் வற்றிய நிலத்தில் கரையோர மக்கள் பயிர் செய்வதுண்டு. தென்மேற்குப் பருவமழையால் ஒகேனக்கல் வழியே வெள்ளம் வரும்போது, அந்நிலத்தின் தாளும் புல்லும் மூழ்கி மட்குகின்றன. அதிலிருந்து நுண்ணுயிர்களும், அவற்றை உண்டு மீன்களும் பெருகுகின்றன. ஆகவே நீர்மட்டம் இறங்குவதே கேடன்று. மிக விரைவாக இறங்குவதும், மிகத் தாழ்ந்த நிலையில் நெடுநாள் நீடிப்பதுமே கேடு.

காவிரிப் பங்கீட்டில் நெல்லுக்கான நீர் டி.எம்.சி. அளவில் கணக்கிடப்படுகிறது. மீன் பிழைக்கத் தேவையான நீரும், அதை நம்பி வாழும் மீனவர் குடும்பங்களும் அந்தக் கணக்கில் இடம்பெறுவது அரிது. தாய்மீன்கள் தங்கக் குறைந்தபட்ச நீரை நிறுத்திவைப்பதும், நீர் தாழ்ந்த காலத்தில் சிறுகண் வலைகளைத் தவிர்ப்பதும் மீன்வளத்தை அடுத்த வெள்ளம்வரை காக்க உதவும் வழிகளாகும்.